ஈரப்பஞ்சு

உறையில் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தது.
உள்ளே பன்னிரண்டு பவர் லென்ஸ்.
சரியானதை எடுக்கக் கீழே ஸ்டோருக்கு ஓடியிருக்கிறான்
சாவி யாரிடம் என்று தெரியாத
புதுப்பையன் மாசானமுத்து.

மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே
மேலப்பாளையம் மைதீன் பீவியின் வலது கண்.
நாற்பது வருஷம் பீடி இலையைப் பார்த்த கண்.
இமையைக் கம்பி பிடித்திருக்கிறது.
பாப்பாவைச் சொட்டு மருந்து விரித்திருக்கிறது.
மறைத்துக்கொண்டிருந்த புரையையும்
ஐந்து நிமிடம் முன்புதான் எடுத்துப் போட்டோம்.

பங்குனியில் சந்திப்பிள்ளையார் முக்கில் நின்றால்
கை தானாகத் துண்டைத் தேடும்.
வெயில் சுடும், அதனால்.
இந்த வெளிச்சம் சுடாது.
விழித்திரைக்கு வலி என்று ஒன்று கிடையாது,
வெந்தாலும்.

கரண்ட் போனால் தியேட்டரே சத்தம் போடும்.
வெளிச்சம் கூடிப்போனதற்கு
யாரும் கத்தி நான் கேட்டதில்லை.

டாக்டர் தளவாய் விரல்களைக் கோத்து
வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் கடிகாரத்தை.
இரண்டு நிமிடம்.
மூன்று.
"சார், லைட்."
முகமூடிக்கு மேலே இருந்த கண்கள் திரும்புமுன்
உப்புநீரில் நனைத்த பஞ்சுத்துண்டு
கருவிழிமேல் உட்கார்ந்துவிட்டது.
எட்டில் இருந்த திருகை அவரே
மூன்றுக்கு இறக்கினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது, கொஞ்ச நேரம்.

மறுநாள் காலை கட்டுப் பிரித்தோம்.
"என்னம்மா தெரியுது?"
"உன் மூக்குல மச்சம் தெரியுது. நேத்து இல்லியே."
சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி,
"ஏ புள்ள, நடுவுல அந்த நெலாவ அணைச்சது ஆரு?
கண்ணு ஒரே குளுந்து போச்சு."

லென்ஸ் வர லேட்டாயிட்டும்மா, என்றேன்.
கேஸ் ஷீட்டிலும் அவ்வளவுதான் இருக்கிறது.

ராத்திரி ட்யூட்டி முடிந்து வண்டியில் வரும்போது
வண்ணாரப்பேட்டையில் எதிரே ஒரு நாகர்கோவில் பஸ்
ஹைபீமைத் தணிக்காமல் முகத்துக்கு நேரே.
ஓரங்கட்டினேன்.
இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு
அது கடந்து போகும்வரை நின்றேன்.
மூட முடிகிறது.
பஸ் போன பிறகும்
கொஞ்ச நேரம்
மூடியே வைத்திருந்தேன்.