பதினோரு கோடுகள்

பென்சில் மட்டும்தான் அனுமதி.
பேனாவை ஷெரில் வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொள்வாள்,
நனைந்த கோட்டை வாசலிலேயே மாட்டச் சொல்வாள்.
ஹல் நகர ஆவணக் காப்பகத்தில்
எனக்கு இது மூன்றாவது செவ்வாய்க்கிழமை.
ஹம்பர் ஆறு வெளியே
சேற்று நிறத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் சுவரொட்டிகள் வந்தன.
வரிக்கொரு அளவில் கூவுகிற எழுத்துகள்:
பன்னிரண்டு பேர் கரி பூசிக்கொண்டு
அரைவட்டமாய் உட்கார்ந்து பாடுவார்களாம்,
அமெரிக்கத் தோட்டங்களின் ஆனந்தத்தை
அப்படியே காட்டுவார்களாம்
(பன்னிரண்டில் ஒருவரும் கடல் தாண்டியதில்லை),
அநாகரிகமாய் ஒரு சொல் இராதாம்,
பாதிரியாரே குடும்பத்தோடு வந்து
வாய்விட்டுச் சிரித்துப் போனாராம்.
குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம்.

முகத்தில் கரி பூசுவதென்றால்
என் மொழியில் அவமானப்படுத்துவது.
பூசிக்கொண்டவனையா,
பார்த்துச் சிரித்தவனையா,
அந்தக் கொட்டகையிலேயே இல்லாத யாரையோவா
என்று மொழி சொல்வதில்லை.

சுவரொட்டி வாய்கொள்ளாமல் பேசும்.
கணக்குப் புத்தகம் கஞ்சன்,
கேட்டதற்கு மேல் ஒரு காசு தராது.
1867, நவம்பர். எரித்த தக்கை ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ்.
பன்றிக் கொழுப்பு ஒன்பது பென்ஸ்.
வாயு விளக்கு, பியர், உடைந்த நாற்காலிக்குத் தச்சன் கூலி.
சம்பளப் பட்டியலில் கடைசிப் பெயர்
ஒபதியா க்ரீவ்ஸ், எலும்புத் தாளம்.
பக்கத்தில் மேலாளர் பொடி எழுத்தில்:
'லிவர்பூல் துறைமுகத்துக்காரன். பிறவியிலேயே கறுப்பு.
ஆனாலும் பூசட்டும்.
பூசாமல் வந்தால் நிஜமில்லை என்பார்கள்.'

இந்த வரியைப் படித்துவிட்டு
கொஞ்ச நேரம் எழுந்து போய்
தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றேன்.

வியாழக்கிழமை, அவன் பெயருக்கு நேரே அபராதம்:
அரை கிரவுன், தக்கையை மறுத்ததற்கு.
வெள்ளிக்கிழமை அவன் பெயரில்லை.
எலும்புத் தாளத்துக்கு வேறொரு பிம்.

அப்புறம் அவனைத் தேடினேன்.
மக்கள்தொகைக் கணக்கில் மூன்று ஒபதியாக்கள் கிடைத்தார்கள்.
ஒருவன் கைக்குழந்தை, ஒருவன் வெள்ளைக்காரத் தையல்காரன்,
ஒருவன் நார்வேக் கரையில் மூழ்கியவன், வயது பொருந்தவில்லை.
ஏழைகள் விடுதி, சிறைப் பதிவு, கப்பலாட்கள் பட்டியல்...
ஒரு நாட்டின் ஏடுகளில்
எந்தெந்தக் கதவுகளில் அவனைத் தேட
எனக்குத் தோன்றியது என்பதைப் பார்த்து
எனக்கே கூச்சமாயிருந்தது.
திருமணப் பதிவேட்டை நான் கடைசியில்தான் கேட்டேன்.
அதிலும் இல்லை.

இன்று ஷெரில் கொண்டுவந்த பெட்டியின் அடியில்
துணி வெளுத்த ரசீதுகள், நூலில் கோத்தவை.
ஹெஸ்டர் ப்ளென்கின், சலவைக்காரி.
கரியும் கொழுப்பும் சேர்ந்தால்
சோடா போட்டுக் கொதிக்கவைத்தாலும் போகாதென்று
யாரையோ வைத்து எழுதுவித்த முறையீடு ஒன்று,
துவாலைக்குக் கால் பென்னி கூடக் கேட்டு.
மற்றபடி அவள் எழுத்தெல்லாம் கோடுகள்,
அழுக்கு உருப்படிக்கு ஒரு கோடு.
திங்கள் பன்னிரண்டு.
செவ்வாய் பன்னிரண்டு.
புதன் பன்னிரண்டு.
வியாழன்

எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
பூதக்கண்ணாடி வாங்கி,
அழிந்துபோன கோடு ஏதும் உண்டா என்று
தாளைச் சாய்த்துப் பார்த்தேன்.
பதினொன்று.

அவன் பேசியதாக ஒரு சொல் கிடைக்கவில்லை.
அழுக்காகாத ஒரு துவாலை கிடைத்தது.
அதுவும் அவளுக்குக் காசில்லாத உருப்படி;
வியந்தாளோ, கால் பென்னி போச்சென்று திட்டினாளோ.
சனிக்கிழமை மறுபடி பன்னிரண்டு.

"நகல் வேண்டுமா?" ஷெரில் கேட்டாள்,
மூடும் நேரம், கையில் என் பேனா.
சுவரொட்டியைத்தான் எல்லோரும் கேட்பார்களாம்,
சட்டம் போட்டு மாட்ட.
இந்தச் சலவை ரசீது போதும் என்றேன்.
"கறுப்பு வெள்ளையா, கலரா?"

மை பழுப்பேறியிருந்தது.
தாளும்தான்.
கலர் என்றேன். எண்பது பென்ஸ்.