கை முடியாததைத் தவிர

நர்ஸ் ஹெஸ்டர் பென்சிலால் தாளைத் தட்டுகிறாள்:
"கை முடியாததை விடுங்கள், டோரீன்.
மனசுக்குத் தோன்றுகிறதா, அது மட்டும்."

ஆஷிங்டனில் காலையிலிருந்தே மழை.
வில்ஃபின் கை மார்ச்சில் போனது.
மண்வெட்டியைக் கொட்டகையில் நானே மாட்டினேன்.
ஆனால் லீக் பாத்தியில் நத்தை ஏறிய அன்று
(போட்டிக்கு வளர்த்தவை, ஒவ்வொன்றும் என் முழங்கைப் பருமன்)
ஓடிவந்து சொன்னேன்.
கண்ணால் எழுத்துப் பொறுக்கும் கருவியில்
ஓரெழுத்து வந்தது:
ம்.

அதற்குக் கை எதற்கு?

'அரிதாக' என்ற கட்டத்தில் டிக் போடுகிறேன்.
ஆறு மாதம் அந்த 'ம்'மோடு மல்லுக்கு நின்றவள்.
அழுத்தக்காரன் என்றேன். கல் என்றேன்.
ஒரு ராத்திரி தலையணையை எறிந்தேன்,
பிடிக்க முடியாது என்று தெரிந்தே.

ஹெஸ்டர் கூட்டிப் பார்க்கிறாள்.
"இது தீர்ப்பு இல்லை. டாக்டர் பார்க்கணும்.
ஆனால் சோகம் மாதிரித் தெரியவில்லை, வீம்பும் இல்லை.
தசையைத் தின்பதே சிலருக்கு
தொடங்கிவைக்கிற இடத்தையும்..."
முடிக்கவில்லை.

வேனில் நாற்காலியைப் பூட்டும்போது
'என்ன நடலாம்?' நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.
"லீக்கா, வெங்காயமா?"

வைப்பர் பதினொரு தடவை போய் வந்தது.

லீக்.