கோட்டை மிதிக்காமல்

ராமநாதபுரம் கோர்ட்டில் பதினொரு மணிக்கு வாய்தா.
பெரியபட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டோம்,
ஆமினத்தும் நானும்.
டீக்கடை பெஞ்சில் கிளாஸை உருட்டிக்கொண்டே கேட்கிறாள்:
சீனாவுல இறங்குனியாமே, என்ன பாத்தே?

பாலம் என்றேன்.
ஆத்து மேல விளக்குப் போட்ட பாலம்.

கொரியாவில் ஏறினால் கொழும்பு,
நடுவே குவாங்சோவில் விமானம் மாற
இருபது மணி நேரம்.
விசா வேண்டாம், வெளியே போய் வரலாம் என்றார்கள்.
ஒன்றே ஒன்றுதான்:
வந்த நாட்டுக்கே திரும்புகிறவனாக இருக்கக் கூடாது,
மூன்றாவதாய் ஒரு நாடு வேண்டும்.
டிக்கெட்டை நீட்டினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
என் பேரின் மேல் விரலை வைத்து நகர்த்தினாள்.
சீனி அசனலி.
எங்க ஊரில் வீட்டுக்கு ஒரு சீனி உண்டும்மா,
சீனி நைனா, சீனி உம்மா, டீயில் போடுகிற சீனி,
எல்லாம் உங்கள் நாட்டுப் பேர்தான்
என்று சொல்ல வாய் வந்தது.
எந்த மொழியில் சொல்ல?
அவள் ஒரு சீட்டை ஒட்டி
அதில் நாளையின் தேதியைக் குத்தினாள்.

மூன்று வருஷம் மீன் தொழிற்சாலையில் நின்ற கால்.
ஒரு ராத்திரி சும்மா நடக்கலாம் என்று பட்டது.
நடந்தேன்.
வழி தவறி ஒரு கடைத்தெரு,
சாக்கு சாக்காய்க் காளான், காய்ந்த சிப்பி, சுறாத் துடுப்பு.
ஒரு கடையில் வரிசையாய்க் கண்ணாடி ஜாடி,
கழுத்தில் சிவப்பு ரிப்பன்.
உள்ளே
கறுத்துச் சுருங்கிய விரல்கள்.

தெரியாத ஊரின் தெருமுனையில்
சொந்தக்காரனைப் பார்த்தது போல் நின்றுவிட்டேன்.

வெள்ளட்டை.
கடைக்காரர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.
மோந்தேன்.
எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம்,
ஆமினத்து விறகைத் தள்ளுகிற அடுப்பு,
அண்டாவில் கொதிக்கிற நாற்றம்,
வனத்துறை ஜீப் சத்தம் கேட்டால்
மண்ணைத் தள்ளி மூடிய குழி.

எங்கள் கடலில் பிடித்ததாய்த்தான் இருக்க வேண்டும் என்றில்லை.
உலகத்தில் எத்தனையோ கடல்.
ஆனாலும் நான் அப்படித்தான் நினைத்தேன்:
வேதாளையில் ராவோடு ராவாய்ப் படகேறி
மன்னாரில் இறங்கி
கொழும்பில் பெட்டி மாறி
நான் போகப் போகிற வழியில்தான்
எனக்கு எதிரே வந்து சேர்ந்திருக்கிறது.
அதனிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

விலைச்சீட்டைப் படம் எடுத்தேன்.
முதலில் கொரியக் காசில் கணக்குப் போட்டேன்,
பிறகு நம் காசில்.
இரண்டாம் தடவையும் அதே தொகைதான் வந்தது.
மச்சான் செகு
ஒரு மாசம் மூச்சடக்கி முங்கிக் கொண்டுவந்ததற்கு
ஏஜெண்ட் எண்ணி வைத்த பணம்
அந்த ஜாடியில் எத்தனை விரல் என்று பார்த்தேன்.
மூன்று.
நாலாவதில் பாதி.

படம் இப்போதும் போனில் இருக்கிறது.
பாலத்தைக் காட்டு என்கிறாள் ஆமினத்து.
விரலால் தள்ளிவிட்டுப் பாலத்தைக் காட்டுகிறேன்.
நல்லாருக்கு என்கிறாள்.
வக்கீல் வந்து, ஜாமீன் மனு திங்கட்கிழமைக்குப் போயிடுச்சு என்கிறார்.
செகுவைக் கூட்டி வரவேயில்லை.
கொண்டுபோன கைலியைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

முந்தின ராத்திரி பெய்த மழையில்
வீட்டுக்குப் பின்னால் மண் அரித்திருக்கிறது.
நீலப்பூ போட்ட பீங்கான் துண்டுகள்
வழக்கம்போல மேலே வந்து கிடக்கின்றன.
சீனத்துக் கப்பலில் வந்தது, எழுநூறு வருஷம் இருக்கும் என்று
தோண்டிப் பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.
செகுவின் மகள் ருக்கையாவுக்கு அது சில்லு.
ஈர மண்ணில் கட்டம் கீறி
ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ எறி மாமா என்கிறாள்.
எறிகிறேன்.
கோட்டின் மேலேயே விழுகிறது.

குனிந்து பார்க்கிறாள்,
இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று.
அவள் சொல்லும்வரை
ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.