உப்பிட்டவர்

டாட்சன் நூறு ஏ. எழுபத்தேழாம் வருடத்து வண்டி.
நிறம் மஞ்சள் என்கிறது பதிவுப் புத்தகம்.
சீர்க்கா அதைக் கராஜுக்குள் தள்ளி
நான்கு கட்டைமேல் ஏற்றிவிட்டு
அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

வெளியே மே மாதம்.
ராஹே துறைமுகத்தை விட்டுப் பனிக்கட்டி போய் ஒரு வாரம்.
சாலையோரத்தில் இன்னும் குளிர்காலத்துச் சரளை.

ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தாள்.
டண். டண். டண்.
ஓட்டுநர் கதவுக்குக் கீழே
தொப்.

முப்பத்தோரு வருடம் உருக்காலையில் கிரேன் ஓட்டியவள்.
இரும்பு எப்போது பேசும்,
எப்போது வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசும்
என்று தெரியும்.

மேலே பார்த்தால் பெயின்டில் ஒரே ஒரு கொப்புளம், பட்டாணி அளவு.
அதைத் தேய்த்து, பூசி,
சனிக்கிழமை வாங்க வருகிறவர்களுக்குக் காட்டிவிடலாம்
என்றுதான் நினைத்திருந்தாள்.
முனையால் குத்தினாள்.
பட்டாணி காசாயிற்று. காசு உள்ளங்கையாயிற்று.
உள்ளங்கை
முழங்கை நுழையும் வாசலாயிற்று.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
குளிர்காலம்தோறும் சாலைக்கு உப்பிட்ட நகராட்சியை
இந்த வண்டி
தன் உள்ளளவும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

கிரைண்டரில் கம்பிப் பிரஷ் மாட்டினாள்.
மஞ்சள் போயிற்று. கீழே பட்டி,
பல்பொடி நிறத்தில், விரல் பருமனுக்கு.
பட்டி பார்ப்பது பள்ளத்துக்கு.
பாதாளத்துக்கு அல்ல.

பெயர்த்தாள். பின்னால் கோழிவலைக் கம்பி.
அதற்கும் பின்னால் சுருட்டித் திணித்த செய்தித்தாள்,
தேநீர்ச் சாயமேறி, ஆனாலும் படிக்கிற மாதிரி:
ஐஸ் ஹாக்கி முடிவுகள். உருளைக்கிழங்கு விலை.
1991 அக்டோபர் பதினேழு, வியாழன்.

அந்த அக்டோபரில் இதே கராஜில்
மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தான் தைஸ்தோ.
கையைத் துடைத்தபடி வெளியே வந்து சொன்னான்:
"புதுத் தகடு வைத்து வெல்டு பண்ணியாச்சு."
அன்றிரவு அவனுக்கு மீன் சூப் வைத்தாள்,
சோயிக்கீரை கொஞ்சம் தாராளமாகவே தூவி.

போன் போட்டாள்.
அவன் இப்போது ஒவுலுவில், வேறொருத்தியோடு,
துருப்பிடிக்காத வேறொரு வண்டியோடு.
"ஒரு செய்தித்தாள் வந்திருக்கிறது" என்றாள்,
தேதியைப் படித்தாள்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
பிறகு, "முப்பது குளிர்காலம் தாங்கிச்சே" என்றான்.

டார்ச்சை உள்ளே நீட்டினாள்.
பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய
கம்பெனிக்காரன் விட்ட மூன்று துளைகள்.
மூன்றையும் சேர்த்து, நேர்த்தியாக, பட்டி பூசியிருந்தான்.
உள்ளே போனது உள்ளேயே இருந்தது.

"துளையையும் அடைச்சிருக்க."
"எந்தத் துளை?"
நிஜமாகவே தெரியாத குரல்.
அதற்குமேல் என்ன கேட்பது?
அங்கே மழையா என்று கேட்டாள்.
மழைதானாம்.

சனிக்கிழமை வந்த இருவர்
கதவுக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள்.
"போட்டோவில் நன்றாக இருந்ததே" என்றார் அந்த ஆள்.
"போட்டோவை வேண்டுமானால் தருகிறேன்" என்றாள் சீர்க்கா.

துரு நின்ற இடத்தில் வெட்டவில்லை;
அதைத் தாண்டி, இரும்பு வெள்ளையாகச் சிரிக்கும்வரை வெட்டினாள்.
தகட்டை அட்டையில் வரைந்து, வளைத்து, பொருத்தி
இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு,
சூட்டில் தகடு கோணாதபடி
காத்திருந்து காத்திருந்து வெல்டு வைத்தாள்.
மீந்த துருவில் அமிலம் தடவ, அது கறுத்தது.
துத்தநாக பிரைமர், பிறகு இன்னொரு கை.
பட்டி, நகத்தின் கனத்துக்கு மட்டும்.

மஞ்சள் டப்பாவைத் திறக்கவில்லை.
முதலில் தரையில் இன்றைய செய்தித்தாளை விரித்து
புதுப் பெட்டிக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினாள்.
முதல் துளை உடனே சொட்டியது.
இரண்டாவது, யோசித்துவிட்டு.
மூன்றாவது சொட்டவில்லை.

டிரில்லை மறுபடி எடுத்தாள்.