உள்தையல்

அளவு நோட்டின் முன்பக்கம் ஊருக்கு.
பின்பக்கத்தைத் தலைகீழாகப் புரட்டினால்
எனக்கு.

சத்துவாச்சாரியில் மாடிப்படிக்கு அடியில் கடை.
ஒரு மிஷின், ஒரு ஃபேன்,
பழஞ்சேலை போட்டு மூடிய ஆளுயரக் கண்ணாடி.
யாராவது கேட்டால்
ரசம் போயிடுச்சு என்பேன்.

செவ்வாய்தோறும் பாகாயம்.
பியூலா மேடம் முதல் நாள் மருந்து எழுதவில்லை.
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார், ஐந்து கட்டம்:
மணி. என்ன சாப்பிட்டேன். எங்கே.
அப்போது மனசு என்ன சொன்னது.
பிறகு என்ன செய்தேன்.

கடைசிக் கட்டத்தில் மூன்று வாரம்
வெறும் புள்ளி வைத்தேன்.
புள்ளிக்கு என்ன அர்த்தமென்று அவர் கேட்கவில்லை.
நாலாம் வாரம் நானே எழுதினேன்:
சத்தம் வெளியே கேட்காமலிருக்கக்
குழாயைத் திறந்துவிட்டேன்.
வேலூரில், சித்திரையில்,
தண்ணீரை அப்படி ஓடவிட்ட பாவத்தையும்
சேர்த்தே எழுதினேன்.
அதற்கு மட்டும் சிரித்தார். நானும்.

தினம் ஏழு தடவை எடை பார்த்தவள் நான்.
பழைய பேப்பர் கடைத் தராசு, அரிசி மண்டித் தராசு,
காட்பாடி ஸ்டேஷனில் விளக்கு மினுக்கும் மிஷின்.
அது சீட்டைத் துப்பும்:
உமக்கு வெளிநாட்டு யோகம்.
இனி வாரத்துக்கு ஒருமுறை, அவர் அறையில் மட்டும்.
பீடி விட்டவன் சட்டைப்பையைத் தடவுவதுபோல
கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைத்
தடவிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் சோதனை.
ஆற்காட்டு மக்கன்பேடா ஒன்று, முழுசாக.
என்ன ஆகுமென்று முன்கூட்டியே எழுதச் சொன்னார்.
எழுதினேன்: நாளைக் காலை ரவிக்கை ஹூக் தெறிக்கும்.
எவ்வளவு நம்புகிறீர்கள்?
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.

பஸ் ஸ்டாண்டில் நின்று தின்றேன்.
ஜீரா மணிக்கட்டு வரை வழிந்தது.
ராத்திரி குழாய் என்னைப் பார்த்தது.
நான் ஹூக் கட்ட உட்கார்ந்தேன்.
மற்றவர்கள் ரவிக்கைக்கு, நாற்பத்தொரு ஹூக்.
விடிந்தது.
என்னுடையது எதுவும் தெறிக்கவில்லை.
இருபது வருஷத் தொழிலில்
இனிப்புக்குத் தெறித்த ஹூக்கைப் பார்த்ததில்லை,
நூல் மட்டமாக இருந்தால்தான் தெறிக்கும்.
தெரியும். தெரிந்தும்தான்.
இப்போது எவ்வளவு, என்று கேட்டார்.
எழுபது.
அவருக்காகக் குறைத்துச் சொல்லவில்லை.

முன்பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.
சகுந்தலா டீச்சர், நாற்பத்திரண்டு.
ஹஸீனா, முப்பது, கை இறக்கம்.
பால்காரம்மா, நாற்பத்தாறு, வலது தோள் சரிவு.
நோட்டு முழுக்கத் தேடினேன்,
ஒருத்தர் பேருக்குப் பக்கத்திலும் 'சீ' என்று இல்லை.
துணி எவ்வளவு வேண்டும்,
அதற்குத்தான் எண்.

எல்லா ரவிக்கையிலும் பக்கவாட்டில்
ரெண்டு விரல் துணி உள்ளே மடித்து விடுவேன்.
பிள்ளை பெறுவார்கள், தைராய்டு வரும்,
கல்யாண வீட்டில் ரெண்டு நாள் தங்குவார்கள்.
ஒரு தையல் பிரித்தால் போதும்.
என்னுடையதை மட்டும்
ஒட்ட வெட்டியிருந்தேன்.

இன்றைக்கு: மணி ஒன்றேகால்.
சோறு, முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பு.
கடையில், ஷட்டரைப் பாதி இறக்கி.
மனசு: போதும் போதும் என்றது.
சொன்னது வயிறா, அவளா, தெரியவில்லை.
பிறகு: கண்ணாடிச் சேலையை
முழங்கால் உயரத்துக்குத் தூக்கினேன்.
ரெண்டு பாதம் இருந்தது.
இடது செருப்பில் வார் விட்டிருக்கிறது,
தைக்கக் கொடுக்க வேண்டும்.