சலித்ததில் மிஞ்சியது

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
விதைக் கிடங்கில் எனக்கு வேலை
மூட்டைமேல் ஊர்ப்பெயர் எழுதுவது.
ஜவ்வாது மலை. கல்வராயன். கொல்லி.
ஒன்றையும் பார்த்ததில்லை.
நான் அண்ணாந்து பார்த்த ஒரே மலை
கொடுங்கையூரில் புகைந்துகொண்டிருக்கிறது.

வேலிமசால்:
பழுப்பு, வழவழப்பு, எள்ளுக்கு அண்ணன்.
ஒருமுறை விதைத்தால் நாலைந்து வருஷம்
அறுக்க அறுக்கத் தழையும்,
வானம் கைவிட்டாலும் வேர் விடாது என்று
மூட்டைக்குள் ஒரு சீட்டு.
அதில் வறட்சிக்கு ஓர் ஒற்று கூடுதல்.

சலித்தபின் தரையில் மிஞ்சுவது தேசம்மாவுக்கு.
கால்வாய் ஓரம் அவளுக்கு ரெண்டு எருமை.
கோஸ் மேலிலை, கல்யாண மண்டபத்துக் கஞ்சி,
மழைக்காலத்தில் கட்சி போஸ்டர்,
எல்லாம் தின்று பால் தருகிற ஜீவன்கள்.
தண்டவாளச் சரிவில் தூவிப் பார்த்தாள்.
இருபது நாள். ஒரு பச்சை இல்லை.
"உன் மலைவெதை செத்த வெதைப்பா."

அன்றுதான் சீட்டைக் கடைசி வரி வரை படித்தேன்.
கொதித்து இறக்கிய நீரில் நான்கு நிமிடம்.
"சுடுதண்ணி ஊத்துனா மொளைக்குமா?
யார்கிட்ட காது குத்துற?"
ஆனாலும் மஸ்தான் டீக்கடை பாய்லரில்
ஒரு சொம்பு பிடித்து வந்தாள்.
கும்மிடிப்பூண்டி லோக்கல் போய்
கேட்டு திறக்கும் வரை
விதை வெந்நீரில் கிடந்தது.
ஐந்தாம் நாள் ஜல்லிக்கு நடுவே
எந்தக் கட்சியும் சேராத ரெட்டை இலை.

முதல் அறுப்பை மொட்டை மாடி வெயிலில் போட்டாள்.
இலையெல்லாம் உதிர்ந்து
பக்கத்து வீட்டு வடகத்தில் ஒட்டியது.
சண்டைக்குப் பின் மிஞ்சியது குச்சி.
அடுத்த அறுப்பை மேம்பாலத்து நிழலில் பரப்பி
விடிகாலை ஈரம் இருக்கும்போதே புரட்டினாள்.
இலை நின்றது.
எண்ணூர்ச் சாம்பலும் நின்றது.
புடவையை உதறுவதுபோல்
பிடி பிடியாய் உதறினாள்.
அந்தக் கோடை முழுக்கக் கேட்டருகே
டீசல் நாற்றத்தின் அடியில்
வேறொரு வாசம்.
அதற்கு எனக்குப் பெயர் தெரியாது.

ஆனியில் லாரி திரும்பி வந்தது,
என் கையெழுத்து அழியாமல்
பிரிக்காத பதினேழு மூட்டையோடு.
"மேல ஒரு தூறல் இல்லண்ணா," என்றான் துலுக்காணம்.
"வறட்சி தாங்குற வெதைதான்.
மொளைக்க மொத மழை வேணுமே.
எங்க மச்சினிச்சி வூட்டு மாடு
பாறைய நக்கினு நிக்குது."

எண்ணி இறக்கினேன்.
சலிக்க ஏதுமில்லை, பெருக்கவும் ஏதுமில்லை.
கேட்டுக்கொண்டிருந்த தேசம்மா
ஒன்றும் சொல்லாமல் போய்
காய்ந்த தழை நாலு கட்டு தூக்கி வந்தாள்.
தராசில் பத்தொன்பது கிலோ.
"தர்மம் இல்ல, கடன்.
மழை பேஞ்சா வெதையா திருப்பச் சொல்லு."

சாக்கில் சுற்றி, வழக்கம்போல் எழுதினேன்:
ஜவ்வாது மலை.
அனுப்புநர் இடத்தில் குத்தக்
கிடங்கின் ரப்பர் முத்திரையை எடுத்தேன்.
பிறகு அதை வைத்துவிட்டுக் கையால் எழுதினேன்:
தேசம்மா, தண்டவாளச் சரிவு, கொருக்குப்பேட்டை.

கேட்டு போட்டிருந்தது.
லாரி உறுமிக்கொண்டு நின்றது.
தார்ப்பாயை இழுத்துப் பார்த்துவிட்டு
டிரைவர் ஜன்னல் வரை எம்பிச் சொன்னாள்:
"கயிறு என்னுது. பத்திரமா வரணும்."