எந்த நிறத்தில் எழுத

கடையில் ரெண்டே ரெண்டு சுருள்.
சொந்த வண்டிக்கு வெள்ளை,
வாடகைக்கு ஓடினால் மஞ்சள்.
ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரே இருபது வருஷமாக
மூன்றாவது நிறம் யாரும் கேட்டதில்லை.

மாயக்காள் கேட்டாள்.

செல்லம்பட்டியில் மாவு மில் வைத்திருப்பவள்.
மூடிப்போன பள்ளிக்கூடத்தின் பஸ்ஸை
ஏலத்தில் எடுத்தாள்.
கருவேலம் புதருக்குள் நின்ற வண்டி,
நம்பர் போர்டு துருவாக உதிர்ந்து
நிறமே தெரியவில்லை.
செவ்வாயும் வெள்ளியும்
டயாலிசிஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு
கருமாத்தூர், செக்கானூரணி, பெரியாஸ்பத்திரி.
சாயங்காலம் அதே வழி.
காசு கிடையாது.

"அப்ப சொந்த வண்டி" என்று வெள்ளையை இழுத்தேன்.
"ஏறுறவுக நாப்பது பேரும் ஒனக்குச் சொந்தமான்னு
உள்ள கேக்குறாகளே."
"அப்ப மஞ்சள்."
"வாடகை எப்படா வாங்குனேன்?"

விண்ணப்பத்தில் கட்டணம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்திருந்தாள்.
கோடு செல்லாது, தொகை போடணும் என்றார் கிளார்க்.
சைபர் போட்டாள்.
சைபருக்கு முன்னால் என்ன என்று கேட்டார்.

அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை
நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை நிறுத்தி
இன்ஸ்பெக்டர் ஏறினாராம்.
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
ஒரு கட்டு முருங்கைக்காய், ரெண்டு தேங்காய்.
"கூலியோ பிரதிபலனோ வாங்கினாலே வாடகை வண்டிதான்.
யார் கொடுத்தது?"
யாரும் வாய் திறக்கவில்லை.
கடைசி சீட்டிலிருந்து
கையில் துண்டு சுற்றிய பேய்க்காமன் எழுந்தார்.
"நாந்தேன். மரம் காச்சுக் கெடக்கு.
பொட்டாசியம்னு ஆஸ்பத்திரில தடுத்துட்டாக.
திங்கக்கூடாதவன் குடுத்தது
கூலியா சார்?"

இன்ஸ்பெக்டர் எதையோ எழுதி,
அடித்து,
இறங்கிப் போனாராம்.

கடைசியில் மஞ்சள்தான்.
வெள்ளை என்றால், எங்காவது கவிழ்ந்தால்
ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று
எவரோ மெதுவாகச் சொல்லியிருக்கிறார்.
சீட்டுக்கு இவ்வளவு என்று வரியும் கட்டிவிட்டு
ரசீதோடு வந்து நின்றாள்.
"எங்க மாமனார் மஞ்சக் கடுதாசி குடுத்த மனுசன்.
அத மறந்து இப்பத்தேன் தல நிமிந்தேன்.
இனி முன்னயும் பின்னயும்
ஒட்டிக்கிட்டுத் திரியணும், வெட்டு."
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

மஞ்சளை விரித்து, கறுப்பில்
ஒவ்வொரு எழுத்தாக வெட்டினேன்.
நூற்றைம்பதை நீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.
"வாங்கிக்க.
வாங்கலேன்னா ஒன் கடைக்கும்
எந்த போர்டுன்னு கேப்பானுக."

வாங்கி கல்லாவில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு
பஸ் கடையைத் தாண்டிப் போனது.
ஜன்னல் ஜன்னலாகத் துண்டு சுற்றிய கைகள்.
நான் பின்பக்க போர்டைத்தான் பார்த்தேன்:
டி.என். ஐம்பத்தெட்டு சரி,
கடைசி ஏழு மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது.
சாயங்காலம் திரும்பும்போது
நிறுத்தச் சொல்லி
ஒட்டிக் கொடுக்க வேண்டும்.